வீட்டைக் கொத்தும் மரங்கொத்தி: கடலூர், புதுச்சேரிப் பக்கம் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு

சென்னையில் அடுக்குமாடியில் இருந்துவிட்டு பாகூர், தவளக்குப்பம், ரெட்டிச்சாவடி பக்கம் தோப்போடு ஒரு பழைய ஓட்டு வீட்டை வாங்கிக் குடிவருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி பாம்பைப் பற்றி. இரண்டாவது, போர் தண்ணீர் உப்பா என்பது. தை முடிந்து மாசி பிறந்ததும் மூன்றாவது கேள்வி வரும்: "ஒரு குருவி எங்க வீட்டு ஜன்னலை இடிச்சுக்கிட்டே இருக்கு. என்ன பண்றது?"

எனக்கும் அது நடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தபோது, எங்கள் கொல்லையில் நின்ற தென்னை ஒன்று கொண்டை முறிந்து மொட்டையாகிவிட்டது. பொங்கல் கழித்து அதை வெட்டி எடுத்தோம். அடுத்த மாதமே ஒரு மரங்கொத்தி மேற்குப் பக்க ஜன்னல் சட்டத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. விரட்டினால் போகும், காபி ஆறுவதற்குள் திரும்ப வரும். நான் செய்த தவறுகளையும் கடைசியில் பலித்தவற்றையும் வரிசையாக எழுதுகிறேன். அவசரத்தில் இருப்பவர்கள் ஒன்றை மட்டும் படித்தால் போதும் என்றால், மூன்றாவது பகுதியைப் படியுங்கள்.

1. கொத்துவது யார் என்று முதலில் பாருங்கள்

இங்கே நம் வீடுகளுக்கு வருவது பெரும்பாலும் பொன்முதுகு மரங்கொத்திதான். மைனாவைவிடப் பெரிது, ஒரு சாணுக்கு மேல் நீளம். முதுகு பொன் மஞ்சள், தலையில் சிவப்புக் கொண்டை, தொண்டை கறுப்பு, அதில் வெள்ளைக் கீறல்கள். ஆணுக்குக் கொண்டை முழுவதும் சிவப்பு. பெண்ணுக்கு முன்நெற்றி கறுப்பாகி அதில் வெள்ளைப் புள்ளி தெளித்ததுபோல் இருக்கும். கிர்ரீரீரீ என்று சிரிப்பதுபோல் கத்திக்கொண்டே அலை அலையாக எழுந்து தாழ்ந்து பறக்கும். மரத்தில் உட்காரும்போது வாலை ஊன்றுகோல்போல அழுத்தி, நிமிர்ந்து நிற்கும். மற்ற பறவைகள் கிளையில் உட்காரும், இது தண்டில் ஒட்டிக்கொள்ளும். அதைப் பார்த்துவிட்டால் வேறு அடையாளம் வேண்டாம்.

இரண்டு பறவைகள்மேல் அநியாயமாகப் பழி விழுகிறது. ஒன்று கொண்டலாத்தி. விசிறிக் கொண்டையும் நீண்டு வளைந்த அலகுமாக வாசலில் நடந்து தரையைக் குத்திக்கொண்டிருக்கும். நம் ஊரில் பாதிப்பேர் இதைத்தான் மரங்கொத்தி என்று குழந்தைகளுக்குக் காட்டுகிறார்கள். அது மரத்தைக் கொத்துவதே இல்லை. சுவரில் ஏற்கெனவே இருக்கும் பொந்தில் முட்டையிடும், அவ்வளவுதான். இன்னொன்று செம்மார்புக் குக்குறுவான். வெயில் ஏற ஏற டொங்க், டொங்க், டொங்க் என்று பாத்திரக்காரர் செம்பைத் தட்டுவதுபோல் ஒரே சீராகக் கேட்கும். அது தொண்டையிலிருந்து வரும் குரல், கொத்தும் சத்தமல்ல. பட்டுப்போன முருங்கைக் கிளையில் அதுவும் பொந்து போடும், ஆனால் வீட்டுக் கட்டைக்கு வந்து நான் பார்த்ததில்லை. சத்தம் மட்டும் கேட்கிறது, எங்கும் ஒரு கீறல்கூட இல்லை என்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம்.

2. துளையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

மரங்கொத்தி மூன்று காரணத்துக்காகக் கொத்துகிறது. மூன்றுக்கும் தடயம் வேறு, மருந்தும் வேறு. இதைப் பிரிக்காமல் கையில் கிடைத்ததையெல்லாம் தொங்கவிட்டால், நான் முதல் இரண்டு வாரம் செய்ததுபோல் வீடுதான் திருவிழாப் பந்தல் ஆகும்.

சின்னச் சின்னதாக, ஒழுங்கில்லாமல், மரத்தின் நார் போன போக்கில் நீளவாக்கில் பிய்த்ததுபோல் துளைகள் இருந்தால் அது சாப்பாட்டுக்காக. உள்ளே கரையானோ எறும்போ வண்டின் புழுவோ இருக்கிறது. பொன்முதுகு மரங்கொத்திக்கு எறும்பு என்றால் உயிர். தரையில் இறங்கிப் புற்றைக் கிளறிக்கூடத் தின்னும்.

ஒரே இடத்தில் ஆழமில்லாத குழிகள் நெருக்கமாக, அம்மை வடுபோல் இருந்தால் அது மேளம். ஆண் தன் எல்லையைச் சொல்லவும் துணையை அழைக்கவும் வேகமாகத் தட்டுகிறது. அதற்கு வேண்டியது புழு அல்ல, எதிரொலி. காய்ந்த மூங்கில், நடுவில் இருக்கும் மென்மையான உள்சோறு போய்க் கூடான பனங்கை (கூரைக்குப் போடும் பனஞ்சட்டம்), தகரக் கூரையின் விளிம்பு, பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய் எல்லாம் அதற்கு நல்ல வாத்தியங்கள். தகரத்தைத் தட்டுவதைப் பார்த்து "பைத்தியமா அது?" என்று நினைக்க வேண்டாம். காட்டில் கிடைக்காத ஒலிபெருக்கி அதற்கு நம் வீட்டில் கிடைத்திருக்கிறது.

வட்டமாக, ஓரம் சுத்தமாக, சிறு பிள்ளையின் மூடிய கை நுழையும் அளவுக்கு ஒரே துளை, கீழே தரையில் மரச் சிராய்கள் குவிந்து கிடக்கின்றன என்றால் அது பொந்து. இரவு தங்கவோ குஞ்சு பொரிக்கவோ தோண்டுகிறது.

நான்காவதாக ஒரு துளை உண்டு. சுண்டுவிரல் நுழையும் அளவு, கம்பாஸ் வைத்து வரைந்ததுபோல் கச்சிதமான வட்டம், கீழே மஞ்சளாக மரத்தூள். இது பறவையே அல்ல. விர்ரென்று சுற்றும் கருவண்டு போட்டது. பார்த்தால் வண்டு, உண்மையில் தேனீ இனம். காய்ந்த கட்டையையும் மூங்கிலையும் குடைந்து முட்டையிடும். பிறகு அந்தப் புழுவைத் தேடி மரங்கொத்தி வந்து துளையைக் கிழித்துப் பெரிதாக்கிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் முதல் குற்றவாளி வண்டு. பறவை பின்னால் வந்தது.

3. கட்டையைத் தட்டிப் பாருங்கள்

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் தெருவில் ஜன்னல் கதவு பழுதுபார்க்கும் ஆசாரி. மூன்றாவது வாரம், தொங்கவிட்டிருந்த சிடிகளையும் திருஷ்டிப் பொம்மையையும் பார்த்துச் சிரித்துவிட்டு, உளியின் பிடியால் ஜன்னல் சட்டத்தை மேலிருந்து கீழ்வரை தட்டிக்கொண்டே வந்தார். ணங், ணங், ணங், பொத். அந்தப் பொத் என்ற இடத்தில்தான் பறவை கொத்தியிருந்தது.

"பறவைய ஏன் தம்பி வையிற? உள்ள பாரு, கட்ட செத்துப் போச்சு."

உளியை மெதுவாக அழுத்தினார். ரொட்டியில் இறங்குவதுபோல் இறங்கியது. மேலே பெயின்ட் பளபளவென்று இருந்தது. உள்ளே கரையான் தின்று காகிதக் கூடாகிவிட்டிருந்தது. மரங்கொத்தி இத்தனை நாளாக அதைத்தான் எனக்குக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. நான் கல் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அதனால் முதல் வேலை: பறவை கொத்திய இடத்திலிருந்து எல்லாப் பக்கமும் இரண்டு அடி தூரத்துக்கு ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். சத்தம் மாறும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். பிறகு முனையால் லேசாகக் குத்திப் பாருங்கள். நல்ல கட்டை எதிர்க்கும். கூடவே நான்கு தடயங்களைத் தேடுங்கள். சுவரிலிருந்து கட்டைக்கு ஏறும் மண் கோடு இருந்தால் தரைக் கரையான். மண் கோடே இல்லாமல், கீழே கசகசா கொட்டியதுபோல் சின்னச் சின்ன மணிகள் கிடந்தால் அது கட்டைக்குள்ளேயே குடியிருக்கும் உலர்மரக் கரையான். கடற்கரை ஊர்களில் பழைய நாற்காலி, ஜன்னல் எல்லாவற்றிலும் வரும். முகப்பவுடர்போல் மாவு கொட்டினால் உளு. கறுத்து ஈரமாக நாறினால் பூஞ்சை. ஓடு ஒழுகுகிறது, அல்லது ஏசி தண்ணீர் அந்தப் பக்கம் வடிகிறது என்று பொருள்.

எந்தெந்த இடத்தைத் தட்டுவது? ஓட்டு வீடு என்றால் இறவாணத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கைமர நுனிகள். மழை நேராக அடிக்கும் இடம் அது. பிறகு ஓட்டுக்கு அடியில் ஓடும் ரீப்பர், சுவருக்குள் செருகியிருக்கும் விட்டத்தின் முனை. கட்டை சுவரைத் தொடும் இடத்தில்தான் ஈரம் தங்கும். பழைய மெட்ராஸ் டெரஸ் (மர உத்திரத்தின்மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு பூசிய மாடி) வீடு என்றால் தேக்கு உத்திரத்தைவிட ஜன்னலின் அடிச்சட்டத்தைக் கவனியுங்கள். புதுச்சேரியின் கடற்கரைப் பக்கத் தெருக்களில் பலகைகளைச் சாய்த்து அடுக்கிய மரக் கதவு ஜன்னல்கள் இருக்கின்றனவே, அவற்றில் பலகை சட்டத்தில் சொருகும் காடி கெடும். ஆரோவில் பக்கம் மூங்கிலிலும் கீற்றிலும் கட்டிய வீடு என்றால் ஒவ்வொரு கணுவையும் பார்க்க வேண்டும். பனங்கைக்கு வெளி வைரம் கல்போல் இருக்கும், உள்சோறு சீக்கிரம் போய்விடும். அதனால் வெளியே தட்டி ஏமாறாதீர்கள், வெட்டிய முனையைப் பாருங்கள்.

கெட்டது ஒரு சாணுக்குள் என்றால் அந்தத் துண்டை வெட்டி எடுத்து அதே மரத்தில் ஒட்டுப் போடச் சொல்லுங்கள். அதற்கு மேல் என்றால் சட்டத்தையே மாற்றிவிடுவது மலிவு. ஆசாரிகள் இதில் உண்மையைச் சொல்வார்கள், நாம்தான் "இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்ல?" என்று பேரம் பேசுவோம். ஓடாது.

மருந்து பற்றி: தரைக் கரையானுக்குக் கட்டையில் மட்டும் தடவிப் பயனில்லை. சுவர் ஓரமாகத் துளையிட்டு மண்ணுக்குள் மருந்து இறக்க வேண்டும், அதற்குப் பழகிய ஆட்களைக் கூப்பிடுங்கள். உளுவுக்கு, பெயின்ட் எல்லாம் சுரண்டிய வெறும் கட்டையில் போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த தண்ணீரை இரண்டு மூன்று தடவை ஊறவிட்டுப் பூசலாம். ஆனால் மழை பட்டால் அது கரைந்து போய்விடும். காய்ந்தபின் மேலே பெயின்ட்டோ வார்னிஷோ அவசியம். பண்ருட்டிப் பக்கத்தில் முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கும் கறுப்பு எண்ணெய் கிடைக்கும். மரப் படகுக்குப் பூசுவார்களே, அது. வெளிக் கட்டைகளுக்கு, குறிப்பாகக் கைமர நுனிகளுக்கு, நான் அதைத்தான் பூசுகிறேன். கரையானும் உளுவும் கிட்ட வருவதில்லை. ஆனால் கையில் பட்டால் தோல் வெந்து கொப்புளம் போடும். ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள். கறுப்பாகிவிடும் என்பதால் முகப்பு ஜன்னலுக்கு ஒத்துவராது.

மருந்து அடித்த இடத்தை அன்றே மூடுங்கள் அல்லது துணி கட்டிவையுங்கள். செத்த கரையானையும் பறவை பொறுக்கித் தின்னும்.

இந்த வேலை எல்லாவற்றுக்கும் சரியான காலம் ஆவணி, புரட்டாசி. மரங்கொத்தி கூடு கட்டும் காலம் பிப்ரவரியிலிருந்து ஜூலைவரை, அது முடிந்திருக்கும். ஐப்பசி மழை இன்னும் தொடங்கியிருக்காது, கட்டையும் நன்றாகக் காய்ந்திருக்கும். கார்த்திகையில் நனைந்த கட்டைமேல் பெயின்ட் அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதுபோல்தான். அடுத்த தையில் மறுபடி பொத், பொத்.

4. துளையை அடைப்பது

அடைப்பதற்கு முன் உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று பாருங்கள். செல்போனில் டார்ச்சைப் போட்டுத் துளை வாயில் வைத்து வீடியோ எடுத்தால் போதும். மரங்கொத்தி பகலில் வெளியே போய்விட்டு அந்தி சாயும்போது பொந்துக்குத் திரும்பும். அதனால் காலை பத்து மணிக்கு மேல், காலி என்று கண்ணால் பார்த்தபின் அடையுங்கள். மாலையில் அவசரமாகச் சிமென்ட் பூசி, உள்ளே அணிலோடு சேர்த்து அடைத்துவிட்டு, பிறகு நாற்றம் தாங்காமல் உடைத்த வீடு எனக்குத் தெரியும்.

சின்னத் துளைக்கு நயமான மரத்தூளையும் பெவிகாலையும் சப்பாத்தி மாவுப் பதத்தில் பிசைந்து அடைத்துத் தேய்த்துவிடலாம். வெளியே மழை படும் இடம் என்றால் எம்-சீல் நல்லது. பெரிய துளைக்கு மரத்தில் ஆப்பு செதுக்கி அடித்து, நீட்டிக்கொண்டிருப்பதை அறுத்துவிட வேண்டும். வெறும் சிமென்ட் வேண்டாம். கட்டை வெயிலில் சுருங்கி மழையில் உப்பும், சிமென்ட் அசையாது, ஓரத்தில் வெடிப்பு விட்டு அதன் வழியே தண்ணீர் இறங்கும்.

அடைத்ததும் அன்றே பெயின்ட் அடியுங்கள். புதிதாக அடைத்த இடம் நிறம் மாறித் தெரிந்தால் பறவை அங்கேயே வந்து சோதிக்கும். எங்கள் வீட்டில் ஒரே துளையை மூன்று முறை அடைத்தேன். மூன்றாவது தடவை மேலே ஒரு அலுமினியத் தகட்டை வைத்துத் திருகி, சட்டத்தின் நிறத்தையே பூசினேன். அதோடு அந்த இடத்தை விட்டுவிட்டது.

5. விரட்டுவது

கட்டையைச் சரிசெய்த பிறகும் வந்தால், அல்லது வருவது வெறும் மேளத்துக்கு என்றால், அப்போதுதான் விரட்டும் வேலை. மேளத்துக்கு வருகிறதென்றால் முதலில் ஒலியைக் கெடுங்கள். கூடான மூங்கிலுக்குள் மணலோ துணியோ திணியுங்கள். ஆடும் தகர விளிம்புக்கு அடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் செருகுங்கள். பொத்தென்று கேட்டால் அதற்குச் சுவாரசியம் போய்விடும்.

கண்ணுக்குப் பளபளவென்று காற்றில் ஆடுவதுதான் விரட்டும் பொருள்களில் கொஞ்சமாவது வேலை செய்வது. அமெரிக்காவில் மரப் பலகை வீடுகள் அதிகம், மரங்கொத்தித் தொல்லையும் அதிகம். அங்கே கார்னெல் பறவையியல் ஆய்வகத்தினர் பிளாஸ்டிக் ஆந்தை, பெரிய கண் பொம்மை, பருந்துக் குரல் ஒலிபரப்பு, பறவை தங்கும் கூட்டுப் பெட்டி, தீனி, மினுங்கும் நாடா என்று ஆறையும் சோதித்துப் பார்த்தார்கள். ஓரளவு நம்பும்படி பலித்தது நாடா மட்டுமே. அதுவும் பாதி வீடுகளில்தான் கொத்தல் முழுதாக நின்றது. ஆகவே கடையில் ஆந்தை பொம்மை விற்றால் அழகுக்கு வாங்குங்கள். திருஷ்டிப் பூசணிக்கும் மரங்கொத்தி பயப்படாது, சொந்த அனுபவம்.

நாடாவுக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. சிப்ஸ், மிக்சர் பாக்கெட்டுகளின் உள்பக்கம் வெள்ளியாக இருக்கும். இரண்டு விரல் அகலத்துக்கு நீள நீளமாக வெட்டி, ஒன்றோடொன்று ஒட்டி மூன்றடி ஆக்கி, கொத்தும் இடத்துக்கு மேலிருந்து அடிக்கு ஒன்றாகத் தொங்கவிடுங்கள். மேல் முனை மட்டும் கட்டியிருக்க வேண்டும், கீழே விட்டுவிட வேண்டும். மதியத்துக்கு மேல் நமக்குக் கடல்காற்று வந்துவிடும், ஆனால் காலையில் காற்று அடங்கியிருக்கும் நேரம்தான் பறவை வரும். ஆகவே மெல்லிய காற்றுக்கும் ஆடும்படி இலேசான பாக்கெட்டாகப் பாருங்கள். பழைய சிடி கனம். அதனால்தான் என் வீட்டில் அது காலையில் அசையாமல் தொங்கிற்று, பறவை பக்கத்தில் உட்கார்ந்து கொத்திற்று. வந்த முதல் இரண்டு மூன்று நாளிலேயே கட்டிவிட்டால் பலன் அதிகம். பழகிய இடத்தை விட்டு அதைக் கிளப்புவது சிரமம். பத்து நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள்.

செய்யக் கூடாதவை: பிசின் தடவாதீர்கள், இறகில் ஒட்டிக்கொண்டு பறவை மெல்லச் சாகும். மிளகாய்த் தூள் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். பறவைக்கு மிளகாய்க் காரம் உறைப்பதே இல்லை, கிளி மிளகாய் தின்பதைப் பார்த்ததில்லையா? காரம் உங்கள் கண்ணில்தான் விழும். உண்டிகோல், பட்டாசு, விஷம் எதுவும் வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மரங்கொத்தியைக் கொல்வதும் பிடிப்பதும் குற்றம். முட்டையையோ கூட்டையோ அழிப்பதும் அந்தச் சட்டத்தில் வேட்டை என்ற கணக்கில்தான் வரும்.

6. வலை

எதற்கும் மசியாத பறவைக்கு வலைதான். கடலூர் முதுநகர்த் துறைமுகத்துப் பக்கமோ வீராம்பட்டினத்திலோ கழித்துப்போட்ட நைலான் வலை கேட்டால் கிடைக்கும். கண் முக்கால் அங்குலத்துக்கு மிகாமல் சிறியதாக இருக்க வேண்டும். கட்டையை ஒட்டிக் கட்டினால் வலைக்கு வெளியே நின்றே கொத்தும். மூன்று அங்குலமாவது தள்ளி, முளை அடித்து, முரசுத் தோல்போல் இழுத்துக் கட்டுங்கள். தொளதொளவென்று விட்டால் பறவையின் கால் மாட்டும். கீழ்ப்பக்கமும் பக்கவாட்டும் மூடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே புகுந்து வெளியே வரத் தெரியாமல் தவிக்கும். தரைவரை வலை தொங்கக் கூடாது. எலியைத் துரத்தி வரும் சாரைப்பாம்பு நைலானில் சிக்கிக்கொள்ளும், அதை எடுத்துவிடுவது லேசான வேலை அல்ல. தினம் ஒரு பார்வை பாருங்கள்.

ஆணியும் கம்பியும் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. கடலிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் வீடு என்றால் சாதாரணக் கட்டுக்கம்பி ஒரு மழைக்காலத்திலேயே துருப்பிடித்து அறுந்து, வழியும் துருத் தண்ணீர் சுவரையும் கெடுக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகும் நைலான் கயிறும் போதும். ஏணி வைக்கும் இடத்தில் மின்கம்பி போகிறதா என்று மேலே பாருங்கள். ஓட்டுமேல் நடக்க வேண்டாம்.

7. கூடே கட்டிவிட்டால்

துளைக்குள்ளிருந்து குஞ்சு கத்துகிறது, அல்லது ஆணும் பெண்ணும் மாறி மாறி உள்ளே போய் வருகின்றன என்றால் வேலையை அப்படியே நிறுத்துங்கள். முட்டை பொரிய ஏறக்குறைய 11 நாள், குஞ்சு பறந்துபோக மேலும் 20 நாள். ஒரு மாதம் சொச்சம். அதற்குள் உங்கள் கைமரம் விழுந்துவிடாது. ஏற்கெனவே விழும் நிலையில் இருந்தால் அடியில் ஒரு முட்டுக் கொடுங்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். குஞ்சுகள் போனபின் ஒரு வாரம் பார்த்துவிட்டு அடையுங்கள். தாமதித்தால் மைனாவோ கிளியோ அதே பொந்தில் குடியேறிவிடும்.

8. அதற்கு வேறு இடம் இருக்கட்டும்

எங்கள் வீட்டுக்கு அது ஏன் வந்தது என்பதற்கு ஆசாரி சொன்னது பாதி காரணம். மீதி அந்த மொட்டைத் தென்னை. அதில் இரண்டு பொந்து இருந்ததை வெட்டி விழுந்த பிறகுதான் பார்த்தேன். பட்ட மரம் நின்றிருந்தால் கரையான் பிடித்த ஜன்னல்கூட அதற்கு இரண்டாம் பட்சமாக இருந்திருக்கலாம். 2011 டிசம்பர் 30 தானே புயலில் கடலூர் மாவட்டத்தில் பலாவும் முந்திரியும் தென்னையும் சாய்ந்தபோது ஊரில் பட்ட மரம் எங்கும் நின்றது. ஒவ்வொன்றாக விறகுக்குப் போயிற்று. மரங்கொத்திக்கு மிச்சம் இருப்பது நம் விட்டமும் சட்டமும் என்று எனக்குப் படுகிறது.

அதற்காகப் பட்ட தென்னையை அப்படியே விட்டுவையுங்கள் என்று சொல்லமாட்டேன். மக்கும் தென்னந்தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும், சுற்றியுள்ள நல்ல தென்னைகளின் குருத்தைத் துளைக்கும். நான் அதை வெட்டியதே பக்கத்துத் தோப்புக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "அந்த மொட்டைய வச்சிருந்தா என் மரமெல்லாம் போயிடும் சார்" என்று இரண்டு தடவை சொன்னதால்தான். அவர் சொன்னது நியாயம்.

அதனால் தென்னை அல்லாத மரத்தில் இடம் விடுங்கள். வேலியோரப் பூவரசிலோ வேம்பிலோ வாகையிலோ பட்டுப்போன தடித்த கிளை இருந்தால், வீட்டின்மேலோ வழியிலோ மின்கம்பியிலோ விழாது என்றால், அதை அறுக்காதீர்கள். தொடை அளவு தடிமன் வேண்டும், ஒல்லிக் கிளையில் பொந்து எடுக்காது. நீளம் பயமாக இருந்தால் நுனியைக் கழித்துவிட்டு ஆறேழு அடியை மட்டும் நிறுத்திக்கொள்ளலாம். மரம் வெட்டுகிறவர் "சுத்தமா எடுத்துரட்டுமா?" என்று கேட்பார். அந்தத் துண்டைச் சாக்பீஸால் குறிபோட்டுக் காட்டி, வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எங்கள் பூவரசில் அப்படி விட்ட கிளையில் இந்த மாசியில் புதிதாக ஒரு வட்டத் துளை தெரிகிறது. மேற்கு ஜன்னலில் அந்தத் தகடு அப்படியே இருக்கிறது. ஆசாரிக்கு இன்னும் முந்நூறு ரூபாய் பாக்கி.